அரிசி டிரம்முக்குள் ஹார்ட் டிஸ்க்

நகலர் என்றொரு இனம் இருக்கிறது. காட்டில் தேட வேண்டாம், உங்கள் தெருவிலேயே இருக்கும். மற்றவர்கள் எதிரே பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பார்கள். நகலர் ‘பேக்கப் எடுத்தாச்சா’ என்று கேட்பார். எடுத்தாச்சு என்றால் ‘எத்தனை’ என்பார். ஒன்று என்று சொன்னீர்களோ, பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டு வந்த தகப்பனைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தில் ஒரு சாவியும் ஐந்து பென் டிரைவும் இருக்கும். கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் பந்திக்கு ஓட, இவர் மட்டும் போட்டோகிராபரைத் தூணோரமாக மடக்கி, மெமரி கார்டு எத்தனை, ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று எங்கே, அது எந்தப் பையில், அந்தப் பை இப்போது யார் கையில் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். சாவு வீட்டில் மாலையை வைத்துவிட்டு, அழுதுகொண்டிருக்கும் மூத்த மகனின் தோளைத் தொட்டு மெல்லக் கேட்பார்: “அப்பா போன் லாக் நம்பர யார்னா எழுதி வெச்சிகிறீங்களா?”

நல்ல கேள்விதான். நேரம்தான்.

நகலர்களில் பல ரகம் உண்டு. நான் பார்த்தவற்றில் உயர்ந்த ரகம் சேரப்பணஞ்சேரியில் வசிக்கிறது. பெயர் பரசுராமன். வயது முப்பத்தெட்டு. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சொந்த ஊரிலேயே மாடி வைத்து வீடு கட்டி, மேலே மூன்று அறைகளைத் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அறை கேட்டு வருகிறவர்களிடம் மற்ற வீட்டுக்காரர்கள் என்ன கேட்பார்கள்? எந்த ஷிப்ட், எத்தனை பேர், கறி சமைப்பீர்களா. பரசுராமன் கேட்பது வேறு.

“சர்டிபிகேட்லாம் எங்க வெச்சிகிறமா? போன்லயா? போன் செம்பரம்பாக்கம் ஏரில வுழுந்துட்டா?”

ஏரி அங்கிருந்து வெகு தூரம். போன் அதில் விழ வேண்டுமானால் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போக வேண்டும். ஆனால் நகலரின் கண்ணுக்கு உலகத்தில் உள்ள எல்லா போன்களும் எல்லா ஏரிகளின் கரையிலும் எந்நேரமும் வழுக்கிக்கொண்டிருக்கின்றன.

பரசுராமனுக்கு ஒரு மந்திரம் உண்டு: “மூணு, ரெண்டு, ஒண்ணு.” எந்தக் கோப்புக்கும் மூன்று நகல் வேண்டும், அவை இரண்டு வெவ்வேறு வகைப் பொருளில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உண்மையை ஒப்புக்கொள்கிறேன், இது சரியான விதி. விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது இதையே. நகலரிடம் விதி எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கோளாறு அங்கே இல்லை.

விதிப்படி, முதல் நகல் அவருடைய லேப்டாப்பில். இரண்டாவது, சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவில். மூன்றாவது நகல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில். அது இருப்பது குன்றத்தூரில், மாமியார் வீட்டில், அரிசி டிரம்முக்குள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அதுவும் சும்மா அல்ல. உதிரி பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலைகளில் சுற்றும் நீலப் பை ஒன்றில் போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நான்கைப் போட்டு, வெளியே ‘சரி’ என்று பொருள்படும் பச்சை அட்டையைக் கட்டி, பொன்னி அரிசிக்கு நடுவே ஒரு முழம் ஆழத்தில் புதைத்து வைத்திருந்தார். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு மாமியார் வீட்டுக்குப் போய், டிஸ்க்கைத் தோண்டி எடுத்து, புதிய நகலை ஏற்றி, மறுபடி புதைத்துவிட்டு வருவார். மாமியார் ஆரம்பத்தில் பூரித்துப்போனார். நான்கைந்து தடவைக்குப் பிறகு மகளுக்கு போன் போட்டார்.

“ஏண்டி சசி, உன் வூட்டுக்காரரு வந்ததும் நேரா அரிசி டிரம்மத் தொறந்து கைய வுட்டுப் பாக்குறாரே. நாங்க சாப்புடறமா இல்லியானு செக் பண்றாரா?”

இணையத்தில் சேமித்து வைக்கலாமே என்று கேட்டீர்களானால் பரசுராமன் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். “எவனோ எந்த ஊர்லயோ எந்த அரிசி டிரம்ல வெச்சிகிறானோ, அத நம்பச் சொல்றீங்களா?”

சமையலறைச் சுவரில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு செக் ஷீட் தொங்கும். தொழிற்சாலையில் எந்திரத்துக்கு எந்திரம் தொங்குமே, அதே மாதிரி. தேதி, எந்த நகல், எடுத்தவர், சரிபார்த்தவர் என்று கட்டங்கள். எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது தொழிற்சாலை நெறி. ஆகவே சரிபார்த்தவர் மனைவி சசிரேகா. அவர் என்ன செய்வார்? அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையில் பேனா. மாதம் முழுவதற்குமான கையெழுத்தை முதல் தேதியன்றே போட்டுத் தள்ளிவிடுவார். சசிரேகாவைக் குறை சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது? பெரிய ஆடிட் வருகிறதென்றால் முப்பது நாள் டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எப்படி விழும் என்று ஷிப்ட் பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வீட்டிலும் ஆடிட் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆடிட்டரும் பரசுராமனே. அன்றைக்குச் சட்டையை உள்ளே விட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, வாசலுக்குப் போய் அழைப்பு மணியை அடித்து, தானே கதவைத் திறந்து தன்னையே வரவேற்பார். ஆடிட்டருக்கு முந்திரி பிஸ்கட் வைப்பது வழக்கம் என்பதால் சசிரேகா வைக்க வேண்டும். கடந்த ஆடிட்டில் ஒரே ஒரு குறை எழுதினார்: பென் டிரைவ் ஒன்றின் மூடியைக் காணவில்லை. மற்றபடி திருப்தி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகல் எடுக்கும் வேகத்தில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. லேப்டாப் திரையில் ‘பேக்கப்’ என்று ஒரே ஒரு பெட்டி வைத்திருந்தார். எல்லாக் கோப்புகளும் அதற்குள் அடுக்கு அடுக்காக, தூசி இல்லாமல். அதை இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போடுவார். பத்து வருடப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரம், மாடியில் குடியிருப்பவர்கள் அத்தனை பேருடைய சான்றிதழ்கள், எல்லாம் போய்ச் சேர நாலு செகண்டு.

“பாத்தியா? நாலு செகண்டு. டெக்னாலஜி அப்டி கீது இப்போ.”

நாலு செகண்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியறை ஒன்றில் செல்வலட்சுமியும் பாண்டிச்செல்வியும் இருந்தார்கள். இரண்டு பேரும் சங்கரன்கோவில் பக்கம். பாண்டிச்செல்விக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை. செல்வலட்சுமி பரசுராமனின் தொழிற்சாலையிலேயே வயர் கட்டும் லைனில் பயிற்சியாளர். இரண்டு வருடப் பயிற்சி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. முடிந்ததும் என்ன? பெரும்பாலோருக்குக் கைகுலுக்கலும் ஒரு சான்றிதழும். சொந்தமாக ஒரு திட்ட அறிக்கை எழுதிக் கமிட்டி முன்னால் வைத்து, அது தேறினால் மட்டும் நிரந்தர வேலை. அறிக்கையைக் கொடுக்கக் கடைசி நேரம் திங்கட்கிழமை காலை பத்து மணி.

செல்வலட்சுமியின் திட்டம் எளிமையானது. வயர் முனையில் மாட்டும் சொருகிகளில் வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று. வடிவத்தில் கொஞ்சமே வித்தியாசம். ஷிப்ட் முடிகிற நேரத்தில் கண் அசந்தால் இது அதுவாகிவிடும். அவள் ஒரு தட்டு செய்தாள். வெள்ளைக் குழியில் வெள்ளை மட்டும்தான் உட்காரும். தட்டை வைத்து அறுபத்தொரு நாள் ஓட்டி, தினமும் எத்தனை தப்பு என்று லைன் பலகையைப் பார்த்துக் குறித்து வந்தாள். அந்தப் பலகையை ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் துடைத்துவிடுவார்கள். ஆக, அந்த எண்கள் அவளிடம் மட்டும்தான் இருந்தன.

அவளிடம் லேப்டாப் இல்லை. “என்னுதுல டைப் பண்ணுமா” என்றார் பரசுராமன். பெருந்தன்மையான மனிதர். வார விடுமுறைதோறும் கீழே வந்து உட்கார்ந்து தட்டினாள். இருபத்துமூன்று பக்கம். தட்டி முடித்த அன்றைக்கு, குறித்து வைத்திருந்த தாள்களைப் பரசுராமன் கையில் வாங்கிச் சிவப்பு அட்டை கட்டினார். தொழிற்சாலையில் தேவையில்லாத பொருளுக்குச் சிவப்பு அட்டை. பிறகு அது குப்பைக்கு.

“டைப் பண்ணியாச்சுல? அப்புறம் பேப்பர் எதுக்குமா? வேஸ்ட்டு.”

“அண்ணே, கெடக்கட்டுமே…”

“மூணு எடத்துல கீது. நாலாவதா பேப்பர் எதுக்கு?”

பேப்பர் பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் ஏறிப் போனது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தொழிற்சாலையில் அந்த வாரம் பாதுகாப்பு வாரம். தீ விபத்து ஒத்திகை நடந்தது. சங்கு ஊத, எல்லோரும் ஓடி வந்து மைதானத்தில் கூடி நிற்க, தலைகளை எண்ணினார்கள். பரசுராமன் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். நகலர்கள் ஒத்திகையைப் பார்க்கவே கூடாது. பார்த்துவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சேரப்பணஞ்சேரி வீட்டில் விசில் ஊதியது. வாசல் முருங்கை மரத்தில் ‘கூடுமிடம்’ என்று ஓர் அட்டை தொங்கியது. மாடியிலிருந்து எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மூன்றாவது அறையில் இருக்கும் காசிராஜன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தார். பரசுராமன் தலைகளை எண்ணினார். தன்னையும் சேர்த்து ஆறு.

“அண்ணாச்சி, எண்ணியாச்சுன்னா டிபன் உண்டா?” என்றார் காசிராஜன்.

“மாக் டிரில் இது. சிரிக்கக் கூடாது. இப்போ நெனச்சிக்கங்க, லேப்டாப் போய்டுச்சு. திருடு போய்டுச்சு, இல்ல வெள்ளத்துல மாட்டிகிச்சு. ஒண்ணுமே இல்ல. இன்னா பண்ணுவோம்?”

“நெனச்சாச்சு அண்ணாச்சி. போலாமா?”

“நெனச்சா மட்டும் பத்தாதுனுதான்,” என்று பரசுராமன் தொண்டையைச் செருமினார், “காலைல அஞ்சு மணிக்கே லேப்டாப்ல இருந்த ஃபைல் எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டேன்.”

காசிராஜனின் பிரஷ் பாதிப் பல்லில் நின்றது.

சும்மா அழிக்கவில்லை. எந்தக் கொம்பனாலும் திரும்ப எடுக்க முடியாதபடி, மேலுக்கு மேல் மூன்று தடவை எழுதி அழிக்கிற மென்பொருளைப் போட்டு அழித்திருந்தார். அரைகுறை ஒத்திகை அவருக்குப் பிடிக்காது.

“அண்ணே,” என்றாள் செல்வலட்சுமி, “எம் ஃபைலு?”

“அதாம்மா டிரில்லே. பத்து நிமிஷத்துல உன் ஃபைல திரும்ப எடுத்துக் காட்றேன். டைம் நோட் பண்ணு.”

காசிராஜன் வாயில் நுரையோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலியான லேப்டாப்பில் பென் டிரைவ் சொருகப்பட்டது. ‘பேக்கப்’ பெட்டி திறந்தது. உள்ளே எல்லாப் பெயர்களும் வரிசையாக நின்றன. ‘செல்வலட்சுமி’ என்ற பெயரின் மேல் பரசுராமன் இரண்டு தட்டுத் தட்டினார். நீங்கள் தேடும் பொருள் அந்த இடத்தில் இல்லை என்று திரை ஆங்கிலத்தில் சொன்னது. இன்னும் இரண்டு தட்டு. அதையே சொன்னது. ‘வீட்டுப் பத்திரம்’ என்பதைத் தட்டினார். ‘கல்யாண போட்டோ’ என்பதைத் தட்டினார். திரை அலுத்துக்கொள்ளாமல் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குப் புரிந்திருக்கும். புரியாதவர்களுக்கு: பெங்களூர் நெடுஞ்சாலையில் ‘ஸ்ரீபெரும்புதூர் 12 கி.மீ.’ என்று அம்புக்குறியோடு ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. ஒருவர் ஸ்ரீபெரும்புதூருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, அந்தப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்மில் பத்திரமாகப் புதைத்து வைத்தால் எப்படி இருக்கும்? பரசுராமன் செய்தது அதுதான். கணினியிலும் அப்படிப் பலகைகள் உண்டு; மூலையில் குட்டி அம்புக்குறி போட்டிருக்கும். தொட்டால் எங்கோ இருக்கிற அசல் கோப்பைத் திறந்து காட்டும். திரை பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவர் ‘பேக்கப்’ பெட்டிக்குள் அடுக்கியதெல்லாம் அசல் அல்ல, பலகைகள். மூன்று வருடமாக எல்லா டிஸ்க்கிலும் பலகைகளை நகல் எடுத்திருக்கிறார். பலகை எடுக்க நாலு செகண்டுக்கு மேல் எதற்கு?

திறந்து பார்த்தாரா என்று கேட்கிறீர்கள். பார்த்தார். அதுதான் இதில் விசேஷம். ஒவ்வொரு தடவையும் அதே லேப்டாப்பில் சொருகித் திறந்து பார்த்தார். அசல் அதே லேப்டாப்பில் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் திறந்தது. ஊர் நடுவில் நின்றுகொண்டு ஊருக்கு வழி காட்டும் பலகையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். சரியாக இருந்திருக்கிறது. பச்சை அட்டை.

“குன்றத்தூர்ல கீது,” என்றார் பரசுராமன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “அது வேற டிஸ்க்கு.”

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். மாமியார் கதவைத் திறந்து, “இன்னா மாப்ள, இது உங்க வாரம் இல்லியே” என்று சொல்லி முடிப்பதற்குள் முழங்கை வரை அரிசிக்குள் இருந்தார். திரும்பி வந்து நீலப் பையைப் பிரித்தபோது கூடத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓர் அரிசி உருண்டு தரையில் விழுந்தது. அதற்குள் இருந்த அசல் சரக்கு அது ஒன்றுதான்.

செல்வலட்சுமி மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அறுபத்தொரு நாள் எண்களில் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று விரலை மடக்கிப் பார்த்தாள். ஒன்பது வந்தது. சசிரேகா காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கணவர் இருந்த திசையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தக் கட்டத்திலும் டிக் போட முடியாது.

“மன்னிச்சிக்கமா,” என்றார் பரசுராமன். இதுவரை யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத சொல். “நா மேனேஜர்கிட்ட பேசறேன். டைம் கேக்கறேன்.”

“டைம் தருவாவ அண்ணே. நம்பருக்கு எங்க போக?”

பாண்டிச்செல்விதான் திடீரென்று கேட்டாள்: “ஏட்டி, வெள்ளிக்கெழம கலர்ல ஒரு பக்கம் காட்டுனியே. அத எங்க எடுத்த?”

செல்வலட்சுமி நிமிர்ந்தாள். முதல் பக்கம் கலரில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, பரசுராமன் குளிக்கப் போன நேரத்தில், வீட்டுக்குள் வரக் கூடாதென்று அவர் தடை செய்திருந்த வெளி பென் டிரைவ் ஒன்றைச் சொருகி, கோப்பை எடுத்துக்கொண்டு படப்பையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தாள்.

“பென் டிரைவு ஒன்னுதுல்லா? அதுல இருக்குமே.”

பாண்டிச்செல்வி தரையைப் பார்த்தாள். “நேத்து அதுல பாட்டு ஏத்திட்டம்ட்டி. எடம் பத்தலன்னு…”

“நீயுமாட்டி?”

ஆனாலும் கிளம்பினார்கள். செல்வலட்சுமி, பாண்டிச்செல்வி, பின்னால் பைக்கில் பரசுராமன்.

ஜெராக்ஸ் கடை கனகத்துடையது. ஞாயிறு என்றால் திருவிழாக் கூட்டம். வாரம் முழுக்க ஷிப்டில் இருப்பவர்கள் அன்றைக்குத்தான் ஆதாருக்கும் பேன் கார்டுக்கும் பிஎஃப் தாளுக்கும் வருவார்கள். கனகத்தின் கணினித் திரையை நீங்கள் பார்க்க வேண்டும். அச்சடிக்க வந்தவர்களிடமிருந்து இறக்கிய கோப்புக்கு மேல் கோப்பு, விளிம்பிலிருந்து விளிம்பு வரை. பின்னணியில் முருகன் படம் இருப்பதாகக் கனகம் சொல்வார். வேலின் நுனி மட்டும் எங்கோ தெரியும். தேசம் தேசமாக மனிதர்கள் அந்தத் திரையில் அடைந்து கிடந்தார்கள். பரசுராமன் அதைப் பார்த்ததும் ஒரு கையால் கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கனகாக்கா, வெள்ளிக்கெழம சாயந்தரம் ஒரு கலர் பக்கம் எடுத்தேம்லா…”

“மழ தூறிச்சே, அன்னிக்கா?”

“ஆமாக்கா. அந்த ஃபைலு வேணும்.”

“பேரு இன்னா வெச்ச?”

“ஞாபகம் இல்லக்கா.”

“அப்டிதான் எல்லாரும் சொல்றாங்க.” கனகம் ஒரு கையால் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் மௌஸை நகர்த்தினார். “உனுக்கு முன்னாடி ஒர்த்தரு அவுரு மாமனாரு போட்டோவ பெருசு பண்ணாரு. உனுக்கு அப்பால புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, பேன் கார்டு. மாமனாரு இதோ கீறாரு. பேன் கார்டு இங்க கீது. நடுவுல கீறது உன்னுது.”

திறந்தது. வெள்ளைக் குழி, சாம்பல் குழி, தட்டின் படம். இருபத்துமூன்று பக்கமும் இருந்தன. அறுபத்தொரு நாளும் இருந்தன.

செல்வலட்சுமி அப்போதுதான் அழுதாள். கனகம் இதற்கெல்லாம் பழகியவர், அச்சடிக்கிற தாளில் கண்ணீர் படாமல் அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

“நீங்க எதையும் டெலிட் பண்றதே இல்லியா?” என்று கேட்டார் பரசுராமன். கேட்டது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு.

“டெலிட் பண்றதுக்கு எங்க சார் டைம் கீது?”

“பாஸ்வேர்டு?”

“ஃபேன் சுச்சு பக்கத்துல எழுதிகீது, பாருங்க.”

செல்வலட்சுமி கோப்பைத் தன் மின்னஞ்சலுக்கும் பாண்டிச்செல்வியின் போனுக்கும் ஊரில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பினாள். அனுப்பியதோடு விடவில்லை. பாண்டிச்செல்வியின் போனை வாங்கி அங்கேயே நின்று திறந்து, விரலால் தள்ளித் தள்ளி இருபத்துமூன்றாம் பக்கத்தின் கடைசி வரி வரை போய்ப் பார்த்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, “திற. கடேசிப் பக்கத்துல என்ன நம்பர் போட்டிருக்கு, வாசி” என்றாள். அவன் வாசித்தான். பரசுராமனின் மூன்று வருட நெறிமுறையில் இல்லாத ஒரே ஒரு வேலை அது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்னாலேயே அறிக்கை போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை கமிட்டி. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் சார்பில் பரசுராமனும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெரிய அதிகாரி ஒருவர் கேட்டார்: “அறுபத்தொரு நாளும் தட்டு சரியா இருந்துச்சுனு எப்படிமா சொல்ற? செக் ஷீட் எங்க?”

“செக் ஷீட்டு இல்ல சார். தெனமும் காலையில ஒரு சாம்பல் சொருகிய எடுத்து, வேணும்னே வெள்ளக் குழியில போட்டுப் பாப்பேன். போகாது. போகலைன்னா தட்டு சரி. அப்புறந்தான் லைன ஆரம்பிப்பேன்.”

பரசுராமன் மேஜைப் பலகையின் கோடுகளை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

செல்வலட்சுமிக்கு வேலை நிரந்தரமானது. பரசுராமனுக்கு என்ன ஆனது? திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் தெரியவில்லை. தன் மேல் தானே ஒரு குறை அறிக்கை எழுதினார். தொழிற்சாலை வழக்கப்படி ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைத் தோண்டினார். ஐந்தாவது ‘ஏன்’ நேராகப் போய்ச் சமையலறையில் நின்றது: சரிபார்த்தவர் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதால்.

சசிரேகா அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “நா அங்க நின்னு சரிபாத்தது பால. மூணு வருஷத்துல அது ஒரு நாளும் வழியல. அதையும் எழுதுங்க.”

எழுதவில்லை. அதற்குப் பதிலாகப் புதிய செக் ஷீட் ஒன்று அச்சடித்தார். அதில் நான்காவது இடம் என்று ஒரு கட்டம் கூடியிருந்தது: கனகம் ஜெராக்ஸ், படப்பை. அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு நடுவே புகுந்து அந்தத் தாளைக் கவுண்டரில் வைத்து, சரிபார்த்தவர் கட்டத்தைக் காட்டினார். கனகம் ஒரு பார்வை பார்த்தார். லாமினேஷன் எந்திரத்திலிருந்து யாருடைய ரேஷன் கார்டையோ உருவிக்கொண்டே ரப்பர் முத்திரையை எடுத்தார்.

“சீல் வெச்சித் தரேன் சார். ஓரமா நில்லுங்க, ஆதார்காரங்க நிக்கறாங்க. எத்தினி மாசத்துக்கு வெக்கணும்?”

பரசுராமன் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

“ஆறு மாசத்துக்கு வெச்சிடுங்க.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. உங்களிடம் அரிசி டிரம் இல்லை, விசில் இல்லை, நீலப் பை இல்லை. இருந்தாலும் உங்கள் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? போனில் ‘பேக்கப் முடிந்தது’ என்று ஒரு பச்சை அடையாளம் வருகிறதல்லவா, அதைப் பார்த்துத் திருப்தியாகிறீர்கள். அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அதிலும் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். சரி. அதை இன்னொருவர் கணினியில் சொருகி, ஒரே ஒரு படத்தையாவது திறந்து பார்த்ததுண்டா? இந்த ஞாயிறு பார்த்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறதா?

தோன்றியது போதும் என்று மனதுக்குள் ஒரு டிக் விழுந்ததே, அதை நான் பார்த்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் போட்டீர்கள்?